சத்தி முதல் கோத்தகிரி வரை: கோடையில் காட்டுச் சுற்றைக் காரில் முடிப்பது எப்படி

கோடை விடுமுறையில் பெரும்பாலான கார்கள் மேட்டுப்பாளையம் வழியாக நேரே ஊட்டிக்கு ஏறுகின்றன. இரண்டாம் நாள் கூடலூர் பக்கம் இறங்கி, முதுமலையை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புகின்றன. அந்தக் காட்டை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் சுற்றைத் தலைகீழாகப் போடுங்கள். சத்தியமங்கலத்தில் தொடங்கி பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாமராஜநகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு, மசினகுடி என்று போய், கல்லட்டி ஏறி ஊட்டியை அடைந்து, கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையத்தில் இறங்குவது. மொத்தம் சுமார் 250 கிலோமீட்டர்தான். சமவெளியில் அரை நாளில் முடிகிற தூரம். இங்கே நான்கு நாட்கள் ஒதுக்குங்கள்.

இந்தத் திசைக்குக் காரணங்கள் உண்டு. கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்கக் கூடாது, மசினகுடியிலிருந்து மேலே ஏற மட்டுமே அனுமதி என்ற கட்டுப்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. மே மாத சீசனில் மேட்டுப்பாளையம் சாலைகள் ஒருவழியாகும்போது, ஏறும் வண்டிகள் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடப்படும். நம் திசை இரண்டோடும் ஒத்துப்போகிறது. திம்பம், கல்லட்டி இரண்டையும் ஏற்றமாகவே கடக்கிறோம், பெரிய இறக்கம் ஒன்றே ஒன்று. வெயில் காயும் காட்டை முதலில் முடித்து, குளிரை நோக்கிப் போவது குழந்தைகளுக்கும் நல்லது. ஊட்டியில் இரண்டு நாள் குளிரில் இருந்த உடம்புக்குப் பந்திப்பூரின் மதிய வெயில் தாங்காது.

எப்போது போவது

விலங்குகள்தான் நோக்கம் என்றால் ஏப்ரலின் முதல் மூன்று வாரங்கள். இலையுதிர் காடு அப்போது மொட்டையாக இருக்கும். புதருக்குள் ஐம்பது அடிக்கு அப்பால் நிற்கும் கடமான்கூடக் கண்ணில் படும். தண்ணீர் இருக்கும் இடங்கள் குறைவு என்பதால் எல்லா உயிர்களும் குட்டைகளையும் மாயாற்றையும் சுற்றியே இருக்கும். கோடை மழை இரண்டு மூன்று முறை நன்றாகப் பெய்துவிட்டால் காடு பச்சையாகும், யானைகள் கலைந்து உள்ளே போய்விடும். மே மாதத்தில் காடு பார்க்க அழகு, ஆனால் விலங்கு கண்ணில் படுவது குறையும், ஊட்டியில் மலர்க் கண்காட்சிக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

ஏப்ரலுக்கு ஒரு குறை உண்டு. வறட்சி மிகுந்த ஆண்டுகளில் காட்டுத் தீ அபாயத்தால் முதுமலையிலோ பந்திப்பூரிலோ சஃபாரியை நிறுத்திவிடுவார்கள். 2025 நவம்பரில் புலி தாக்குதல்களை அடுத்து பந்திப்பூர், நாகரஹொளே சஃபாரிகளையும் கர்நாடக அரசு நிறுத்தியது. ஆகவே கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு சஃபாரி நடக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சஃபாரி இல்லாவிட்டாலும் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. பந்திப்பூருக்கும் தெப்பக்காட்டுக்கும் நடுவே சாலையே காட்டின் நடுவில் போகிறது. காலை ஆறரை மணிக்கு அதில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்குச் சஃபாரி பேருந்தில் போனவர்களைவிட அதிகம் தென்படும் நாட்கள் உண்டு.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலை சத்தியில் தொடங்கினால் திங்கள் பந்திப்பூர், செவ்வாய் ஊட்டி, புதன் அல்லது வியாழன் இறக்கம். வார இறுதிக் கூட்டம் மலையை விட்டு இறங்கும்போது நாம் ஏறுவோம்.

கிளம்பும் முன் முடிக்க வேண்டிய காகித வேலை

நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து கோடை சீசனில் வண்டிகளுக்கு உச்சவரம்பும் வந்தது: அந்த ஆண்டு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. வண்டி எண், வகை, ஆட்களின் எண்ணிக்கை, நுழையும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. பந்திப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு கக்கநல்லா சோதனைச் சாவடியில் இதைச் சரிபார்ப்பார்கள். நம் சுற்றில் அடிக்கடி நடக்கும் தவறு, வீட்டிலிருந்து கிளம்பும் தேதியை நுழையும் தேதியாகப் போட்டுவிடுவது. கக்கநல்லாவைக் கடக்கும் தேதி இரண்டாம் நாள். அதைத்தான் போட வேண்டும். சாவடிப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது என்பதால் பாஸை ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்து, ஒரு தாளிலும் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிளாஸ்டிக். நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள், குளிர்பான பாட்டில்கள், கேரி பை, பிளாஸ்டிக் கப் எதுவும் கூடாது. சாவடியில் வண்டியைத் திறந்து பார்த்து எடுத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. குண்டல்பேட்டையில் வாங்கிய பாட்டிலை சீட்டுக்கு அடியில் மறந்து வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். ஆளுக்கு ஒன்றாக ஸ்டீல் பாட்டில், கூடவே ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு. தங்கும் விடுதியில் காலையில் நிரப்பிக்கொண்டால் அன்றைய பொழுதுக்குப் போதும்.

மூன்றாவது, சாலை மூடும் நேரம். பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகும் தேசிய நெடுஞ்சாலைகள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். 2009இல் வந்த தடை இது, 2010இல் கர்நாடக உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஆம்புலன்ஸுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. பண்ணாரி – காரப்பள்ளம் இடையிலும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவுத் தடை இருக்கிறது. கார்கள் போகக்கூடிய நேரம் எதுவாக இருந்தாலும், மாலை ஆறு மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தி மயங்கும் நேரத்தில் யானையின் சாம்பல் நிறமும் தார்ச்சாலையின் நிறமும் ஒன்றாகிவிடும். பள்ளத்தில் இறங்கி ஏறும் யானை, விளக்கு வெளிச்சத்தில் பத்து மீட்டருக்குள்தான் தெரியும்.

வண்டி

மலைக்கென்று தனி வண்டி வேண்டாம். நான்கு பேர் போகிற சாதாரண ஹேட்ச்பேக் இந்தச் சுற்றை நன்றாகவே முடிக்கும். ஐந்து பேரும் கூரை மேல் பெட்டிகளும் ஏறிய ஆயிரம் சிசி வண்டிக்குக் கல்லட்டி கஷ்டம். அதற்கு வேறு வழி கீழே சொல்லியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக் ஆயில். மெக்கானிக்கிடம் விடும்போது பிரேக் பேட் பார்க்கச் சொல்கிறார்கள், ஆயிலை யாரும் கேட்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155 அளவுக்கு இறங்கிவிடும். டாட் 3 இன்னும் மோசம், 205இலிருந்து 140க்கு இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவி அமுங்கும். ஆகவே பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டிக்கு எது என்பது ஆயில் மூடியிலேயே எழுதியிருக்கும்.

பேட் கனம் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். டயர் பட்டன் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், ஆனால் கோடை மழையில் நனைந்த வளைவில் மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை நம்பக் கூடாது. காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது, கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் முழுச் சுமை அளவுக்கு வையுங்கள். மலை ஏறினால் காற்று அழுத்தம் கூடும் என்று சொல்லிப் பாதியை இறக்கிவிடும் பழக்கம் தவறு. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, வீல் நட்டு கழலுகிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். காட்டுக்குள் டயர் மாற்ற இறங்குவது ஆபத்து, பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஆகக் கூடாது.

கூலன்ட் அளவு, வைப்பர் ரப்பர், முன் பின் விளக்குகள். டேங்கை சத்தியிலும் குண்டல்பேட்டையிலும் நிரப்பிவிட்டால் ஊட்டி வரை கவலையில்லை. ஆஃப்லைன் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்கள் டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும், ஆனால் சிக்னல் இல்லாத சாவடியில் அதைத் திறக்க முடியாது, ஆகவே அசலையும் எடுத்துப் போங்கள்.

முதல் நாள்: பண்ணாரி முதல் குண்டல்பேட்டை வரை

இரவு முழுக்க நிறுத்தி வைக்கப்பட்ட லாரிகள் காலை ஆறு மணிக்கு மொத்தமாக மலையேறும். ஆறு மணிக்கே போய் அந்த வரிசையில் சேர்ந்தால் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் லாரிப் புகைக்குப் பின்னால் முதல் கியரில் கடக்க வேண்டியிருக்கும். பண்ணாரி அம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குக் கிளம்புங்கள். முதல் அலை மேலே போயிருக்கும். அதிக எடை ஏற்றிய லாரி ஏதாவது ஒரு வளைவில் பழுதாகி நிற்பது இங்கே சாதாரணம். அப்படி நின்றால் வரிசையிலேயே இருங்கள். முந்திப் போய் எதிர்த்தடத்தில் நிற்கும் ஒரே ஒரு கார், இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் அடைத்துவிடும்.

கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்கும் லாரிக்கும் சாலையின் முழு அகலமும் வேண்டும். மேலே பெரிய வண்டி திரும்புவது தெரிந்தால் வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே நில்லுங்கள், வளைவுக்குள் போய் நிற்காதீர்கள். குறுகிய இடத்தில் ஏறும் வண்டிக்கே முதலிடம், இது சாலை விதியிலேயே இருக்கிறது. வளைவை நெருங்கும் முன்பே கியரை இறக்குங்கள். வளைவின் நடுவில் கிளட்சை அழுத்தினால் இழுவை போய் வண்டி பின்னால் உருளும். தானியங்கி கியர் வண்டியில், முக்கியமாக ஏஎம்டியில், ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள், கிளட்ச் சூடாகி எச்சரிக்கை விளக்கு வந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள்.

வாந்தி வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வைக்கலாம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் பின் சீட்டின் நடுவில், முன் கண்ணாடி வழியாகத் தூரத்தைப் பார்க்கும்படி. கைப்பேசி கூடவே கூடாது. பால் சேர்ந்த எதையும் ஏறும் முன் கொடுக்காதீர்கள். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு, ஏறத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வயிறு புரட்டத் தொடங்கிய பிறகு கொடுப்பதில் பயனில்லை.

திம்பம் தாண்டி ஆசனூர், காரப்பள்ளம். இது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 2013இல் அறிவிக்கப்பட்டது, 1,400 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். காரப்பள்ளம் பக்கம் யானைகள் கரும்பு லாரிக்காகச் சாலையில் காத்து நிற்கும். லாரிக்காரர்கள் கட்டுக் கட்டாகக் கரும்பு வீசிப் பழக்கிவிட்ட வினை இது. குட்டிகளும் இப்போது அதையே கற்றுக்கொண்டு வளர்கின்றன. உங்கள் முன்னால் கரும்பு லாரி போனால் நூறு மீட்டராவது விட்டுப் பின்தொடருங்கள். யானை லாரியை மறித்தால் நீங்கள் நடுவில் சிக்காமல் பின்னெடுக்க இடம் வேண்டும். எதிரே வரும் கரும்பு லாரிக்கும் இதே எச்சரிக்கைதான்.

புளிஞ்சூர் சாவடி தாண்டினால் கர்நாடகம். சாமராஜநகர் வழியாக குண்டல்பேட்டை போய்ச் சேர மதியம் ஆகும். நேரம் இருந்தால் மாலைக்குள் ஹிமவத் கோபாலசுவாமி பெட்டா. பந்திப்பூர் காட்டுக்குள் இருக்கும் மலைக்கோயில் அது. சொந்த வண்டி அடிவாரத்தோடு சரி, மேலே அரசுப் பேருந்து. மூன்று மணிக்குப் பிறகு போனால் பேருந்து வரிசையிலேயே பொழுது போய்விடும். இரவு குண்டல்பேட்டையில் தங்குங்கள்.

இரண்டாம் நாள்: பந்திப்பூர், முதுமலை

பந்திப்பூர் சஃபாரிக்கு இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள், கோடையில் நேரில் போய் டிக்கெட் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. பேருந்தைவிட ஜீப் விலை அதிகம். ஆனால் ஜீப்பில் ஆட்கள் குறைவு, சத்தமும் குறைவு, அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கலாம். காலை முதல் சுற்றையே எடுங்கள். உடை மண் நிறமாக இருக்கட்டும். புலிக்காகவே கண்ணைத் தீட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். செந்நாய்க் கூட்டம், காட்டெருமை, நீர்க்குட்டையில் கரடி, மரத்தில் மந்தி உட்கார்ந்திருக்கக் கீழே அது உதிர்க்கும் இலைக்காக நிற்கும் புள்ளிமான்கள் என எல்லாவற்றையும் பாருங்கள். புலியின் இருப்பையும் அந்த மான்களும் மந்திகளும்தான் முதலில் சொல்லும். புள்ளிமான் கூர்மையாகக் கத்தி, எல்லாம் ஒரே திசையில் கழுத்தை நீட்டி நின்றால், ஓட்டுநரை அங்கேயே எஞ்சினை அணைத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் காத்திருப்பது, அரை மணி நேரம் சுற்றுவதைவிட நல்லது.

சஃபாரி முடிந்து காட்டுச் சாலையில் கிளம்பும் முன் எல்லோரும் கழிப்பறைக்குப் போய்வந்துவிடுங்கள். தெப்பக்காடு வரை எங்கும் இறங்கக் கூடாது, வண்டியை நிறுத்தவும் கூடாது. குரங்குக்குப் பழம், மானுக்கு பிஸ்கட் போட்டாலும் குற்றம்தான், ரோந்து வண்டி பார்த்தால் அபராதம். ஓரத்துக் காய்ந்த புல் மேல் வண்டியை ஏற்றி நிறுத்துவது இன்னும் பெரிய தவறு. சைலன்ஸரோடு இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். வண்டிக்கு அடியில் காய்ந்த புல் பட்டால் தீப்பிடிக்கும், ஏப்ரல் மாத உண்ணிச்செடிப் புதர் வழியாக அந்தத் தீ நிமிடங்களில் ஏக்கர் கணக்கில் பரவும். சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கக்கநல்லாவில் சாவடி, பிறகு தெப்பக்காடு. மாயாற்றின் கரையில் இருக்கும் யானைகள் முகாமில் மாலை ஐந்தரை மணி வாக்கில் உணவு கொடுப்பதைப் பார்க்கலாம். ராகி, கொள்ளு, வெல்லம் சேர்த்து உருட்டிய கவளங்களை மாவுத்தர்கள் ஒவ்வொரு யானையின் வாயிலும் வைப்பார்கள். மருந்து வேண்டிய யானைக்குக் கவளத்துக்குள்ளேயே மருந்து போகும். டிக்கெட்டை முன்கூட்டி வாங்கிவிடுங்கள்.

தங்குவதற்கு முதுமலை புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் வனத்துறை அறைகளைப் பதிவு செய்யலாம். கிடைக்காவிட்டால் மசினகுடி ஊருக்குள் பாருங்கள். மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு எதிராக 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே காட்டுக்கு நடுவே, ஆற்றோரத்தில் என்று விளம்பரம் செய்யும் இடத்துக்கு முன்பணம் கட்டும் முன் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இரவில் ஜீப்பில் விலங்கு காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் போகாதீர்கள். இரவு சஃபாரி சட்டவிரோதம். கண்ணில் டார்ச் அடித்து விரட்டப்பட்ட யானை, மறுநாள் காலை அதே வழியில் விறகு பொறுக்க வருகிறவர் மேல் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும்.

சாலையில் யானை நின்றால்

நூறு மீட்டருக்கு முன்பே பார்த்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். எஞ்சின் ஓடட்டும், ஹார்ன், பிளாஷ், ஹை பீம் எதுவும் வேண்டாம். கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். யானை மேய்ந்துகொண்டே, வாலை ஆட்டிக்கொண்டு, காதை மெல்ல வீசிக்கொண்டிருந்தால் அது அமைதியாக இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உங்களை நேருக்கு நேர் பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். மெல்ல பின்னெடுங்கள்.

காதை விரித்து, தலையை உயர்த்தி, மண்ணை வாரி இறைத்து நாலடி ஓடிவந்து நிற்பது பெரும்பாலும் மிரட்டல். காதைப் பின்னால் ஒட்டவைத்து, துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வந்தால் அது உண்மையான பாய்ச்சல். இந்த வித்தியாசத்தை நின்று ஆராய வேண்டாம், இரண்டுக்கும் செய்ய வேண்டியது பின்னெடுப்பதுதான். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரமாகக் கசிந்து வழிந்தால் அது மதம் பிடித்த ஆண், இன்னும் அதிக தூரம் விடுங்கள்.

கூட்டம் சாலையைக் கடக்கும்போது பலர் செய்யும் தவறு, ஐந்தாறு யானைகள் போனதும் முடிந்துவிட்டது என்று கிளம்புவது. குட்டியோடு கடைசியாக ஒரு பெண் யானை புதருக்குள் நின்றுகொண்டிருக்கும். தாயும் குட்டியும் இரண்டு பக்கமாகப் பிரிந்தபோது நடுவில் வண்டி போனால் தப்பிப்பது கடினம். கடைசி யானை போன பிறகும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். உங்கள் பின்னால் நிற்கும் வண்டிக்கு ஒட்டி நிற்காதபடி கைகாட்டுங்கள், இரண்டு கார் இடைவெளியாவது இருந்தால்தான் எல்லோரும் பின்னெடுக்க முடியும். எந்த நிலையிலும் இறங்கி ஓடாதீர்கள்.

மூன்றாம் நாள்: கல்லட்டி

மசினகுடியில் சாவடியில் கேட்டு உறுதி செய்துகொண்டு காலையில் ஏறுங்கள். மசினகுடி ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம், ஊட்டி 2,240 மீட்டர். அந்த வித்தியாசத்தைச் சுமார் முப்பது கிலோமீட்டரில், 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறீர்கள். ஏசியை அணைத்துவிட்டு முதல் இரண்டு கியர்களிலேயே போங்கள். வெப்ப முள் மேலே போனால் அகலமான இடத்தில் ஒதுங்கி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள், எஞ்சின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியே வெளியேறும். ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், அரை மணி நேரமாவது ஆற வேண்டும்.

சுமை அதிகமுள்ள சின்ன வண்டி என்றால் தெப்பக்காடு திரும்பி கூடலூர், நடுவட்டம் வழியாக ஏறுங்கள். அறுபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஆகும், ஆனால் ஏற்றம் மிதமானது. சுற்றை எதிர்த்திசையில் போட்டு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு வழி கேட்டால் கைப்பேசி வரைபடம் தூரம் குறைவு என்று கல்லட்டியைத்தான் காட்டும். அதை நம்பி இறங்காதீர்கள்.

ஊட்டியில் காரை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். மே மாதத்தில் தாவரவியல் பூங்கா பக்கம் நிறுத்த இடம் தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். மலை விலங்குகளிலும் சோலைக்காட்டிலும் ஆர்வம் இருந்தால் ஊட்டிக்கு ஒரு மதியம் மட்டும் கொடுத்துவிட்டு, அவலாஞ்சிக்கு வனத்துறை வண்டியில் போய் வாருங்கள். அல்லது நேரே கோத்தகிரிக்குப் போய்த் தங்குங்கள், அங்கே கூட்டம் பாதிகூட இருக்காது. கோத்தகிரியின் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான், ஊருக்குத் தண்ணீர் தரும் காடு, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. காலையில் வனத்துறை அனுமதியோடு ஒரு மணி நேரம் நடக்கலாம். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் போய்ப் படமெடுக்காதீர்கள். யானை கொடுக்கும் முன்னறிவிப்புகூட அது கொடுப்பதில்லை.

இறக்கம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். கோடை மழை பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் இடியோடு வரும். பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பனிமூட்டம் இருந்தால் லோ பீம் மட்டும், ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. எஞ்சின் இரைச்சல் கேட்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. தானியங்கி வண்டியில் டி-யிலேயே விட்டுவிடாமல் எல் அல்லது மேனுவல் முறைக்கு மாற்றுங்கள். பிரேக்கை இடைவிடாமல் லேசாக அழுத்திக்கொண்டே வருவதுதான் அதைச் சூடாக்கும். வேகம் கூடும்போது அழுத்தமாக இரண்டு மூன்று நொடி பிடித்து, முழுதாக விடுங்கள், பேட் ஆற நேரம் கிடைக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. எஞ்சினையும் அணைத்துவிட்டால் இன்னும் மோசம்: ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று அழுத்தலில் தீர்ந்துவிடும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றாதீர்கள், எண்பதில் நிறுத்துங்கள். இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்க நிறைந்த பேட்டரியில் இடமில்லை என்பதால் அந்த வழியில் கிடைக்கும் பிரேக் வேலை செய்யாது.

கருகிய வாடை வந்தாலோ பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ உடனே அகலமான இடத்தில் ஒதுங்குங்கள். கீழ்நோக்கி நிற்கும் வண்டிக்கு ரிவர்ஸ் கியர், முன் சக்கரங்களை மலைப் பக்கம் திருப்பி, சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும், பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் பெடல் நடுங்கும். கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள், சாலை நடுவில் விட்டுப்போன கல் இரு சக்கர வண்டிக்காரரைக் கவிழ்க்கும்.

குஞ்சப்பனை பக்கம் பலா பழுக்கும் மே முதல் ஜூலை வரை யானைகள் மேலேறி வரும். பலா மரங்கள் சாலையோரத்திலேயே நிற்கின்றன. பழுத்த பலா வாடை அடித்தால் வளைவை ஹார்ன் அடிக்காமல், மெதுவாக எட்டிப் பார்த்துத் திரும்புங்கள். வாடை இல்லாத மற்ற வளைவுகளில் ஹார்ன் கொடுத்தே திரும்ப வேண்டும்.

மேட்டுப்பாளையம் வந்ததும் நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைத் தொடாமல் காட்டிப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் மிக அதிகமாகச் சுட்டால் பிரேக் பேடை அழுத்தும் அந்த கேலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும் முன் அங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.